யானைக்கும் புலிக்கும் நடுவே ஒருத்தி

"கடைசி வளைவில ஒரு பொம்பிளை இருக்கிறா தம்பி. ஒரு பக்கம் ஆனை, மற்றப் பக்கம் புலி. எங்கட ஊர்ப் பெண்ணைப் போலத்தான் கிடக்கு. அவவைப் பார்க்காமல் திரும்பி வந்திடாதேங்கோ."

பாலெர்மோ நகரில் எனக்கு இரண்டு நாள் தங்க இடம் கொடுத்த யாழ்ப்பாணத்து அண்ணர் இதைச் சொன்னபோது நான் சைக்கிளில் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். சிசிலித் தீவின் இந்தத் தலைநகரத்தில் 1980-கள் தொட்டே ஈழத்தமிழர் குடியிருக்கிறார்கள். நகரத்தைக் காக்கும் சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயில் மோந்தே பெல்லெக்ரினோ என்ற மலைமேல் இருக்கிறது. சைவர், கத்தோலிக்கர் என்ற பேதமில்லாமல் நம்மவர்கள் அந்த மலையை நடந்தே ஏறுகிறார்கள். அண்ணரும் அப்படி ஏறுகிறவர்தான். மகளின் பள்ளிச் சுற்றுலாவுக்குத் துணையாகப் போன இடத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தாராம். எத்தனையோ வருடம் ஆகியும் மறக்கவில்லை. வழியில் சாப்பிட ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொடுத்துவிட்டு, மறுபடியும் அவளைப் பற்றியே சொன்னார்.

நான் போகவிருந்தது பியாட்சா ஆர்மெரினா என்ற மலையூருக்குப் பக்கத்தில் இருக்கும் வில்லா ரொமானா டெல் காசாலே. 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய ரோமானியப் பெருமாளிகை. சுமார் 3,500 சதுர மீட்டர் தரை முழுக்க மொசைக். 1997-லிருந்து யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். ஆனால் என்னை மறைமலைநகரிலிருந்து அவ்வளவு தூரம் இழுத்தது இந்த விவரங்கள் எதுவும் இல்லை. மொசைக் என்ற அந்த ஒரு சொல்தான்.

என் அப்பா மொசைக் கொத்தனார். சென்னையின் நெரிசலைக் குறைக்க மறைமலை அடிகள் பெயரில் எங்கள் ஊரைப் புதுநகரமாக எழுப்பிய காலத்தில், அங்கே கட்டிய வீடுகள் பலவற்றில் தரை போட்டவர். நம் பக்கத்தில் மொசைக் என்றால் வெள்ளை சிமெண்டில் சலவைக்கல் சிப்ஸைக் கலந்து போடுகிற தரை. கண்ணாடிப் பட்டைகளை நட்டுக் கட்டம் பிரிப்பார்கள். கலவையை ஊற்றிக் கரணையால் இழுத்து, உருளையை ஓட்டி, நாள் கணக்கில் தண்ணீர் கட்டி, பிறகு மிஷின் வைத்துத் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்க உள்ளிருந்து கல்லின் நிறம் மேலே வரும். கடைசியில் ஆக்ஸாலிக் ஆசிட் போட்டு மெருகு. சிறுவயதில் நான் பார்த்த அப்பா பெரும்பாலும் முட்டி போட்ட அப்பாதான். எல்லாம் முடிந்தபின் விரல் மடக்கின் எலும்பால் தரையை அங்கங்கே தட்டிக்கொண்டே போவார். 'டொக்' என்று பொள்ளலாகச் சத்தம் வந்தால் அடியில் பிடிப்பு இல்லை, பெயர்த்துவிட்டு மறுபடி போட வேண்டும். "தரை பேசும்டா, தட்டிக் கேளு" என்பார்.

அந்தச் சொல்லின் மூலவீட்டைப் பார்க்கத்தான் நான் போய்க்கொண்டிருந்தேன்.

பாலெர்மோவில் வட்டார ரயிலில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு என்னா நிலையத்தில் இறங்கினேன். நிலையம் பள்ளத்தில் இருக்கிறது; ஊர் 900 மீட்டருக்கும் மேல், மேகத்தோடு ஒட்டிக்கொண்டு. மே மாதம். ஜி.எஸ்.டி. சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பழகிய கால்களுக்கு மேடு என்றால் மேம்பாலம்தான். இங்கே முதல் ஏழெட்டுக் கிலோமீட்டரும் ஏற்றம். மூன்று இடத்தில் இறங்கித் தள்ளினேன். மேலே வந்து திரும்பிப் பார்த்தால், கிழக்கே தொலைவில் எட்னா எரிமலை, தலையில் பனியும் பனிக்கு மேல் புகையுமாக நின்றது. நான் பார்த்த மலைகளில் மூச்சு விடுகிற மலை அது ஒன்றுதான்.

அதன்பின் பெர்குசா ஏரி. பாதாள தேவன் பெர்செபோனியைக் கவர்ந்துபோனது இந்தக் கரையிலிருந்துதான் என்பது பழைய கதை. மகளைத் தேடித் தாய் தெமேத்தர் உலகெல்லாம் அலைந்தபோது பயிர் விளையவில்லையாம். இன்று ஏரியைச் சுற்றி ஒரு கார்ப் பந்தயத் தடம் ஓடுகிறது. தாண்டினால் இரு பக்கமும் கோதுமை, பழுக்கத் தொடங்கிய மஞ்சள். ரோமாபுரிக்கே சோறு போட்ட தீவு இது. நம் நெல்வயல் மாதிரி வரப்பும் தண்ணீரும் கிடையாது. மேடு பள்ளமெல்லாம் ஒரே போர்வையாகப் பயிர்.

சாலையோரம் முழுக்கச் சப்பாத்திக்கள்ளி. ஒரு பழக்கடையில் நிறுத்தி அதைக் காட்டிப் பெயர் கேட்டேன். கடைக்கார அம்மா சொன்னது: "ஃபிகோ திந்தியா." இந்தியாவின் அத்திப்பழம்! மெக்சிகோவிலிருந்து வந்த செடி. இந்தியா என்று நினைத்துக் கொலம்பஸ் அமெரிக்காவில் இறங்கிய தவறு இந்தக் கள்ளியின் பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் இந்தியாவிலிருந்து வருகிறேன் என்று சைகையில் சொன்னதும் அந்த அம்மாள் இரண்டு ஆரஞ்சுகளைப் பையில் போட்டுவிட்டுக் காசு வாங்க மறுத்தார். பியாட்சா ஆர்மெரினாவை நெருங்கும்போது தைலமரத் தோப்புகள் வந்தன. வெயிலில் காய்ந்த அந்த இலையின் மணத்தில் ஒரு நிமிடம் செங்கல்பட்டுப் பக்கக் காட்டுச்சாலையில் போவதுபோல இருந்தது.

மறுநாள் காலை, ஊரிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் இறக்கம். பிரேக்கைப் பிடித்தபடியே மங்கோனே மலையின் அடிவாரத்துக்கு வந்துசேர்ந்தேன். மாளிகையைக் காப்பாற்றியது இந்த மலைதான் என்று சொல்ல வேண்டும். 12-ஆம் நூற்றாண்டில் மலைச்சரிவு மண் இறங்கி எல்லாவற்றையும் மூடிவிட்டது. அதன்மேல் உழவு நடந்தது. மண்ணுக்கு மேல் அங்கங்கே நீட்டிக்கொண்டிருந்த தூண்களைப் பார்த்துத்தான் பிற்காலத்தவர் தோண்டத் தொடங்கினார்கள். 1929-ல் பாவ்லோ ஓர்சி, அடுத்த பத்தாண்டில் ஜுசெப்பே குல்த்ரேரா, 1950-களில் ஜினோ வினீசியோ ஜென்தீலி. ஜென்தீலியின் காலத்தில்தான் பெரும்பகுதி வெளிச்சத்துக்கு வந்தது. முதலில் போட்ட ஒளிபுகும் பிளாஸ்டிக் கூரை உள்ளே வெப்பத்தை ஏற்றித் தரையைக் கெடுத்தது. பிறகு அதை மாற்றி, மரமும் செம்பும் கொண்டு வேறு கூரை அமைத்து, 2012-ல் மறுபடி திறந்தார்கள்.

உள்ளே தரையில் கால் வைக்க முடியாது. சுவர்களின் உயரத்தில் நடைபாலம் போட்டிருக்கிறார்கள். மேலிருந்து குனிந்து பார்த்தபடி அறை அறையாகப் போக வேண்டும். வெந்நீர் அறைகளின் தரை சிதைந்த இடத்தில் அடியில் செங்கல் குட்டைத்தூண்கள் வரிசையாகத் தெரிகின்றன. அவற்றின் நடுவே சூடான காற்றை ஓடவிட்டுத் தரையைச் சூடாக்கியிருக்கிறார்கள். அடுத்த கூடத்தில் தேர்ப்பந்தயம். முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், இலைவளையத்துக்குள் ஒவ்வொன்றாக விலங்குத் தலைகள்: குதிரை, மான், ஆடு, சிறுத்தை. எத்தனை என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.

பத்துப் பெண்கள் விளையாடும் அறையில் கூட்டம். இன்றைய நீச்சலுடை போன்ற உடையில் பந்து எறிகிறார்கள், ஓடுகிறார்கள், எடைக்கல் தூக்குகிறார்கள். ஒருத்தி வென்று பனையோலையும் மகுடமும் பெறுகிறாள். எல்லோரும் அந்தப் பெண்களைப் படமெடுத்தார்கள். நான் பார்த்தது அறையின் மூலையை. அங்கே கொஞ்சம் பெயர்ந்த இடத்தில், பெண்களுக்கு அடியில், இன்னொரு மொசைக் தெரிந்தது. வெறும் கோலக்கட்ட வடிவம். பழைய தரையை உடைக்காமல் அதன்மேலேயே புதுத் தரை போட்டிருக்கிறார்கள். போன வருடம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்பா போட்ட மொசைக்கின்மேல் பளபளக்கும் டைல்ஸ் ஒட்டினார்கள். அப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பேக்காம ஒட்டுறாங்க, அது வரைக்கும் சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு இந்த மூலையைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று பலமுறை படம் எடுத்தேன்.

ரோமர்கள் எப்படித் தரை போட்டார்கள் என்று அவர்களின் கட்டடக்கலை ஆசிரியர் வித்ருவியுஸ் எழுதிவைத்திருக்கிறார். அடியில் கையளவுக் கல். அதன்மேல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து இறுக்கிய அடுக்கு. அதன்மேல் இடித்த ஓட்டுத்தூள் மூன்று பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு. அப்புறம்தான் நிறக்கல். படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது நம் பழைய மொட்டைமாடியின் சுருக்கி வேலை! செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, சித்தாட்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் இடித்துப் போட்ட தளம். வேறுபாடு மேலடுக்கில். நாம் சிப்ஸைக் கலந்து ஊற்றுகிறோம்; அவர்கள் சுண்டுவிரல் நகத்தளவுக் கல்லை வெட்டி, ஒவ்வொன்றாகக் கையால் வைத்தார்கள். ஒவ்வொன்றாக, 3,500 சதுர மீட்டருக்கு. அவர்களில் ஒருவர் பெயரும் எழுதிவைக்கப்படவில்லை. வட ஆப்பிரிக்காவிலிருந்து, கடல் கடந்து வந்த கைகள் என்று வேலையின் சாயலைக்கொண்டு அறிஞர்கள் சொல்கிறார்கள். மாளிகை யாருடையது என்ற கேள்விக்குப் பேரரசர் மாக்சிமியான் என்றும், பெருஞ்செல்வரான ஒரு பிரபு என்றும் நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் ஆர்வம் ஓடவில்லை. முட்டி வலிக்க உட்கார்ந்தவர்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த நடைக்கூடம் வந்தது.

பெருவேட்டைக் கூடம் என்று பெயர். சுமார் 60 மீட்டர் நீளம். எங்கள் தெருவின் பாதி. அத்தனை நீளமும் ஒரே படம். இதில் வருவது கொல்லும் வேட்டை அல்ல, பிடிக்கும் வேட்டை. ரோமாபுரியின் அரங்குகளில் காட்டுவதற்காக உலகமெங்கும் விலங்குகளை உயிரோடு பிடித்துக் கப்பலேற்றுகிறார்கள். சதுப்பில் கயிறு கட்டிக் காண்டாமிருகத்தை இழுக்கிறார்கள். தீக்கோழியை ஒருவன் இரு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு பலகையில் ஏறுகிறான். யானையைப் பாலத்தில் நடத்திக் கப்பலுக்குள் விடுகிறார்கள். அதன் தோல்மேல் வலை விரித்ததுபோலக் கோடுகள். சுருக்கங்களை அப்படிக் காட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து ஒரு காலைச் சைக்கிள் தூரத்தில், மாமல்லபுரத்துப் பாறையில் நிற்கும் யானைகள் நினைவுக்கு வந்தன. அவற்றின் காலடியில் குட்டிகள் கிடக்கும் கிடப்பைச் செதுக்க, யானையோடு வாழ்ந்த கண் வேண்டும். இந்த யானையைப் பதித்தவர் அதை எப்போதாவது பார்த்தவரா, கேள்விப்பட்டு மட்டும் செய்தவரா என்று யோசித்தபடி நின்றேன்.

அதன்பின் புலி. குட்டியைத் திருடிக்கொண்டு ஒருவன் குதிரையில் கப்பலை நோக்கிப் பாய்கிறான். தாய்ப்புலி துரத்துகிறது. அதைத் தடுக்க ஒரு கண்ணாடி உருண்டையைப் போட்டிருக்கிறார்கள். அதில் தன் உருவம் சிறிதாகத் தெரிவதைப் பார்த்துத் தன் குட்டி என்று எண்ணிப் புலி குனிந்து நிற்கிறது. பழங்காலத்தில் பலர் எழுதிய வேட்டைத் தந்திரம் இது. அந்தப் புலியின் முதுகுக் கோடுகளை, கருப்புக் கல்லை ஒரு வரி, மஞ்சள் கல்லை இரண்டு வரி என்று வளைத்து வளைத்து வைத்த அழகை எப்படிச் சொல்வது? ஒரு தாய் ஏமாறும் அந்த நொடியைக் கல்லில் வைத்தவர் அதை நினைத்து வருந்தியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

கூடத்தின் தென்கோடியில் அரைவட்ட வளைவு. அங்கே அவள் இருந்தாள்.

கருமை படர்ந்த மேனி. அண்ணர் சொன்னது சரி: கரிசல்காட்டில் களை பறிக்கும் பெண்ணின் நிறம். நேராக நம்மைப் பார்க்கிறாள். கையில் ஒரு யானைத் தந்தம். ஒரு பக்கம் யானை, மறுபக்கம் புலி. ஓரத்தில் தீயெழும் கூட்டில் பீனிக்ஸ் பறவை. ஒரு நாட்டையே பெண்ணாகப் போட்டிருக்கிறார்கள். எந்த நாடு? எகிப்து, ஆப்பிரிக்கா, அரேபியா என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு. இந்தியா என்பவர்கள் நிறையப்பேர். ஆப்பிரிக்காவில் புலி கிடையாது என்பது அவர்களின் வலுவான பேச்சு. காஸ்பியன் கடலோரப் புலிகளையும் ரோமர்கள் அறிந்திருந்தார்கள் என்பதால் வழக்கு முடிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் தந்தம், யானை, புலி மூன்றும் ஒன்றாகச் சேரும் நாட்டிலிருந்து வந்தவன் நான். வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

இது வெறும் கற்பனைப் பெண்ணாக இருக்க முடியாது. செங்கடல் கரைக்கும் நம் கரைக்கும் நடுவே பருவக்காற்றைப் பிடித்துக் கப்பல்கள் பல நூற்றாண்டுகள் போய்வந்தன. எகிப்தின் பெரெனிகே துறைமுகத்துக் கோயிலில், இந்தியத் தாழி ஒன்றில் ஏறக்குறைய 7.5 கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. குசைர் அல்-காதிம் என்ற இன்னொரு துறையில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்தில் கணன், சாதன் என்ற பெயர்கள். முசிறியிலிருந்து போன ஒரு கப்பலின் சரக்குக் கணக்கு, பாப்பிரஸ் தாளில், இப்போது வியன்னாவில் இருக்கிறது. அதில் தந்தமும் உண்டு. அந்தத் தாள் 2-ஆம் நூற்றாண்டு, இந்தத் தரை 4-ஆம் நூற்றாண்டு. நடுவே இரண்டு நூற்றாண்டுகள் ஓடிய பின்னும், நம் பக்கத்து நாடு என்றால் தந்தம் ஏந்திய ஒருத்தி என்று சிசிலியின் மலைக்குள் இருந்தவர்களுக்கு மனதில் பதிந்திருக்கலாம்.

அன்றிரவு அண்ணருக்குப் போன் செய்தேன். "கண்டனீங்களோ?" என்று கேட்டார். கண்டேன் என்றேன். "நான் சொன்னனான் எல்லோ," என்றவர், பிறகு சற்று நேரம் பேசவில்லை.

ஊர் திரும்பிப் படங்களை அப்பாவிடம் காட்டினேன். புலியை விரைவாகத் தள்ளிவிட்டார். கூடத்தின் நீளப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணுக்கு அருகே பிடித்தார். "ரெண்டு செட்டு ஆளுடா. இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் வேற கை. கல்லு வைக்கிற வாட்டம் மாறுது பாரு." ஆராய்ச்சியாளர்களும் அந்தக் கூடத்தில் வெவ்வேறு பட்டறைகளின் கை தெரிவதாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அப்பா ஒரு கைப்பேசித் திரையில் கண்டுபிடித்துவிட்டார்.

"அந்தக் கப்பல் எல்லாம் நம்ம பக்கம் எங்க வந்துச்சாம்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் அடுத்த ஞாயிறு விடிகாலையில் கிளம்பினோம். நான் சைக்கிளில், அவர் டி.வி.எஸ். மொபெட்டில். சிங்கபெருமாள் கோவில், செங்கல்பட்டு, கொளவாய் ஏரி. திருக்கழுக்குன்றத்தில் டீ. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டைச் சுவரைத் தடவிப்பார்த்து, "சுண்ணாம்பு நல்லா அரைச்சிருக்கான்" என்றார். கல்பாக்கம் தாண்டி, ராஜசிம்ம பல்லவன் தன் வம்சத்து முன்னோர் பெயர்களைக் கல்தூணில் பொறித்துவைத்த வயலூர். அதை ஒட்டி, பாலாறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே வசவசமுத்திரம்.

1970-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே அகழ்ந்தது. நாகசாமியும் அப்துல் மஜீதும் முன்னின்று செய்த வேலை. உறைகிணறுகள், செங்கல் தொட்டிகள், ரோமானியர் மதுவும் எண்ணெயும் நிரப்பி அனுப்பும் ஆம்போரா சாடிகளின் துண்டுகள். அரிக்கமேட்டில் 1945-ல் வீலர் கண்டது போன்ற ரூலெட் பானை ஓடுகளும் கிடைத்தன. பெரும்பாணாற்றுப்படை பேசும் நீர்ப்பெயற்றுத் துறை இதுவாக இருக்கலாம் என்று கருதுபவர்களும் உண்டு. தந்தம் போன வழியில் திரும்பி வந்தது அந்தச் சாடிதான். சிசிலியில் தரைக்குச் செம்புக் கூரை போட்டு, நுழைவுச்சீட்டு வைத்து, உலகத்தைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். நாங்கள் நின்ற இடத்தில் பனையும் சவுக்கும், காற்றும் மணலும், மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளும். எனக்குத் தொண்டை அடைத்தது. சிசிலிக்குப் போக ஆயிரம் பேர் ஆசைப்படுகிறார்கள். திருக்கழுக்குன்றத்துப் பிள்ளைகளில் எத்தனை பேரை ஓர் ஆசிரியர் இந்த ஆற்றங்கரைக்கு அழைத்துவந்து, இங்கே கப்பல் நின்றது என்று சொல்லியிருப்பார்?

அப்பா எதுவும் சொல்லவில்லை. மொபெட்டை நிறுத்திவிட்டுக் கொஞ்சதூரம் உள்ளே நடந்தார். காலால் மணலை ஒதுக்கினார். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு, மெல்ல, ஒரு கையை ஊன்றி, முட்டி போட்டு உட்கார்ந்தார். விரலை மடக்கி, மூன்று இடத்தில் தரையைத் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார்.

"என்னப்பா?"

"மேல மண்ணு நிறைய கிடக்குடா," என்றார். "கேக்கல."